கல்பனாவுக்கு, அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். அடுப்படிப் பக்கம் போகாமல் அவரைப் பிடித்து உட்காரவைப்பது உன் பாடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. சியாட்டில் மழையைப் பற்றிப் புலம்பி எனக்கே சலித்துவிட்டது, இந்த முறை உன்னை விட்டுவிடுகிறேன்.

பெரியவன் பழைய சாமான் கடையிலிருந்து எக்ஸ்பாக்ஸின் முதல் தலைமுறைப் பெட்டியை, டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் கேம் கன்சோலை, தூக்கிக்கொண்டு வந்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு நீ, "பிசியைப் பெட்டிக்குள் போட்டு விற்றதுதானே, அதில் பார்க்க என்னடி இருக்கிறது?" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டாய். கணினிக் கட்டமைப்பு பாடம் நடத்துகிறவள் நீயே இப்படிச் சொன்னால் எப்படி? அது பிசிதான், ஒப்புக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்டின் அந்த முதல் கன்சோலுக்கு வந்த பெருமை, நஷ்டம், திருட்டு எல்லாமே அது பிசியாக இருந்ததால் வந்தவை. அதனால்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். கிட்டத்தட்ட 4 கிலோ எடை. திருகுகளைக் காலடி ரப்பருக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். மேல்மூடியைக் கழற்றினால் இடப்பக்கம் டிவிடி டிரைவ், வலப்பக்கம் சாதாரண 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். இரண்டையும் இணைப்பது நம் காலத்து அகலமான ஐடிஇ கேபிள். நாம் இருவரும் கல்லூரி லேபில் மாட்டிக் கழற்றிய அதே சாம்பல் நிறப் பட்டை! அவற்றைத் தட்டோடு தூக்கினால் கீழே மதர்போர்டு. சிபியு, அதாவது கணக்குப் போடும் முக்கியச் சிப், இன்டெல் பென்டியம் 3 வகை, 733 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் என்விடியா செய்துகொடுத்த கிராஃபிக்ஸ் சிப், 233 மெகாஹெர்ட்ஸ். 2001 நவம்பர் 15 அன்று 299 டாலருக்குக் கடைக்கு வந்தபோது அந்த விலைக்கு இப்படி ஒரு பிசியை யாராலும் கட்டியிருக்க முடியாது.

உனக்குப் பிடிக்கும் இடம் மெமரிதான். மொத்தம் 64 எம்பி, ஒரே குளம். சிபியு, கிராஃபிக்ஸ், ஒலி எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மெமரிக்குப் போய்வருவதை நடத்தும் மெமரி கன்ட்ரோலர் என்விடியா சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதாவது சிபியுவே என்விடியாவின் வாசல் வழியாகத்தான் மெமரிக்குப் போக வேண்டும். விநாடிக்கு 6.4 ஜிபி வேகம். வழக்கமான பிசியில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி மெமரி இருக்கும், படங்களை இங்கிருந்து அங்கே பஸ் வழியாக, அதாவது சிப்புகளுக்கு இடையே தகவல் ஓடும் பாதை வழியாக, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே நகர்த்தல் என்பதே இல்லை. கேம் எழுதுகிறவர் இந்தக் காட்சிக்கு எவ்வளவு, அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு என்று தன் விருப்பப்படி பங்கு பிரிக்கலாம். சோனியின் பிளேஸ்டேஷன் 2-இல் முக்கிய மெமரி 32 எம்பி, கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனியாக 4 எம்பி. அந்த 4 எம்பிக்குள் படங்களை ஏற்றி இறக்கியே நிரலாளர்கள் நொந்துபோனார்கள். ஆகவே பிசியை அப்படியே பெட்டிக்குள் போடவில்லை, கல்பனா. பிசியின் பாகங்களை வைத்துக்கொண்டு அதன் ஒரு பெரிய குறையை நீக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, என் போர்டில் நான்கு மெமரி சிப்புகளுக்கான இடம் காலியாக இருக்கிறது. கேம் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த பெட்டிகளில் அதையும் நிரப்பி 128 எம்பி வைத்திருந்தார்கள். கைத்திறன் உள்ள ஆர்வலர்கள் இன்றும் அங்கே சோல்டர் செய்து ஏற்றுகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இதை முதலில் யோசித்தவர்கள் கன்சோல்காரர்களே இல்லை. மைக்ரோசாஃப்டில், விண்டோஸில் கேம்களை ஓடவைக்கும் டைரக்ட்எக்ஸ் மென்பொருள் பக்கம் வேலை பார்த்த ஷேமஸ் பிளாக்லி, கெவின் பாக்கஸ், ஓட்டோ பெர்கஸ், டெட் ஹேஸ் என்ற நான்கு பேர். சோனி வரவேற்பறைக்குள் புகுந்து வீட்டுக் கணினியை ஓரங்கட்டிவிடுமோ என்ற பயம்தான் கம்பெனிக்குள் இதற்குக் கதவைத் திறந்தது. 2000 பிப்ரவரி 14 அன்று நடந்த கூட்டத்தில் பில் கேட்ஸ் கொதித்துப் போனார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முழு விண்டோஸ் ஓடாத ஒரு பெட்டியை மைக்ரோசாஃப்ட் செய்வதா என்று கோபம். கத்தல் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருவர் "அப்படியானால் சோனியை என்ன செய்வது?" என்று கேட்டாராம். அதன் பிறகு பணம் வந்துவிட்டது. கடைசியில் விண்டோஸ் 2000-இன் மையப்பகுதியான கெர்னலிலிருந்து செதுக்கிய சிறு அமைப்பு ஒன்றுதான் உள்ளே போனது.

ஏஎம்டி கதை தெரியுமா? மாதிரிப் பெட்டிகள் இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் சிப்பில்தான் ஓடின. 2000 மார்ச்சில் சான் ஹோசேயில் கேட்ஸ் மேடையேறி அறிவிக்கும் நேரத்தில், கடைசி நொடியில் இன்டெலுக்கு மாறிவிட்டார்கள். மாதிரிகளைச் செய்ய உதவிய ஏஎம்டி பொறியாளர்கள் முன்வரிசையில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை என்று சொல்லி, பிளாக்லி 2021-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இருபது வருடம் கழித்து! நம் துறையில் இப்படி மன்னிப்புக் கேட்கும் ஆளை நான் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்கிறாயா?

சரி, ஹார்டு டிஸ்க்குக்கு வருவோம். அப்போதெல்லாம் பெரும்பாலும் கன்சோலில் கேமைச் சேமிக்கத் தனியாக மெமரி கார்டு வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் 8 ஜிபி உள்ளேயே வந்தது, வயர் வழியாக இணையத்தில் சேர்க்கும் ஈதர்நெட் துளையும் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் தரும் டயல்-அப் மோடம் கிடையவே கிடையாது. அகலப்பட்டை இணையம் அபூர்வமாக இருந்த 2001-இல் இது கொழுப்பா துணிச்சலா என்று அப்போது பலர் கேட்டிருப்பார்கள். சரியாக ஒரு வருடத்தில், இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை வந்தது. இன்று உள்ளேயே சேமிப்பிடமும் இணைய வசதியும் கன்சோல்களில் சாதாரணம்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் இதே டிஸ்க்தான் உறுத்தியது. சிப்பின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும். டிஸ்க் அப்படி இல்லை. கொள்ளளவு கூடுமே தவிர, மோட்டாருக்கும் தட்டுக்கும் இரும்புக் கூட்டுக்கும் ஒரு அடிவிலை உண்டு, அதற்குக் கீழே போகாது. இதைவிடப் பெரிய சிக்கல், சிப்புகள் எதுவும் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமில்லை. சோனி தன் சிப்புகளைத் தானேயும் தோஷிபாவோடு சேர்ந்தும் வடிவமைத்தது. பிறகு சுருக்கி, இரண்டை ஒன்றாக்கி, செலவைக் குறைத்துக்கொண்டே போனது. மைக்ரோசாஃப்டோ இன்டெலிடமும் என்விடியாவிடமும் போய் விலை பேச வேண்டும். 2002 மே மாதம் சோனி விலையை 199 டாலருக்கு இறக்கியதும் இவர்களும் இறக்க வேண்டியதாயிற்று, உள்ளே இருக்கும் பாகங்களின் செலவோ அந்த வேகத்தில் இறங்கவில்லை. என்விடியாவோடு விலைத் தகராறு மத்தியஸ்தம் வரை போய், 2003-இல் சமாதானம் ஆனது. விற்ற 2 கோடியே 40 லட்சம் பெட்டிகளில் பல நூறு கோடி டாலர் நஷ்டம். பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல்.

உன் மாணவர்களுக்கு நீ சொல்லவேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயத்தமாகக் கிடைத்த பாகங்களால் இரண்டு வருடத்துக்குள் ஒரு கன்சோலைக் கடைக்குக் கொண்டுவர முடிந்தது. அதே பாகங்களால் அதைத் தொடர்ந்து விற்கக் கட்டுப்படியாகவில்லை. அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிபியு ஐபிஎம்முடையது, கிராஃபிக்ஸ் ஏடிஐ-யுடையது, ஆனால் சிப்புகளை எங்கே அச்சடிப்பது, எப்போது சுருக்குவது என்ற உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையில் வைத்துக்கொண்டது. 2005-லேயே அதைக் கொண்டுவந்து முதல் பெட்டிக்கு விடை கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தத் திருட்டு. பெட்டி இயங்கத் தொடங்கும்போது முதலில் படிக்கும் ரகசிய நிரல் வெறும் 512 பைட். அதை, டிஸ்க், ஒலி போன்றவற்றைக் கவனிக்கும் சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சிப்புக்குள் புதைத்துவைத்தார்கள். ஆனால் சிபியு அதைப் படிக்க வேண்டுமென்றால் அது போர்டில் உள்ள செப்புக் கோடுகள் வழியாக வந்துதானே ஆக வேண்டும்? அவ்வளவு வேகமான பஸ்ஸை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், தானே ஒரு சிறு போர்டு செய்து அந்தக் கோடுகளில் ஒட்டவைத்து, ஓடுவதைப் பதிவுசெய்து, குறியீட்டுத் திறவுகோலையே எடுத்துவிட்டார். பூட்டைக் கெட்டியாகப் போட்டுவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாகக் கைமாற்றினால் இப்படித்தான். அதன் பிறகு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டார்கள், படம் பார்க்க மென்பொருள் எழுதினார்கள். உன் வீட்டு டிவியில் கோடி (Kodi) என்று ஒரு செயலி இருக்கிறதே, அதன் பூர்வீகம் இந்தப் பெட்டிதான். எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று வளர்ந்து, 2014-இல் பெயர் மாற்றிக்கொண்டது.

கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பெரியவன் கோபித்துக்கொள்வான். என் கைக்கு அது அடங்கவே இல்லை. உள்ளே வைத்த சர்க்கியூட் போர்டு பெரிதாகப் போனதால் வெளிக்கூடும் பெருத்துப்போன கதை. ஜப்பானுக்குச் சிறியதாக ஒன்று செய்தார்கள், பிறகு அதையே எல்லா ஊருக்கும் கொடுத்தார்கள். ஆனால் ஒன்று அழகு: வயரில் யாராவது கால் இடறினால் நடுவில் தானாகக் கழன்றுகொள்ளும் ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஓடி விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டை நினைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நீ இதேபோல் ஒன்றைக் கண்டால் முதலில் கடிகாரக் கெபாசிட்டரைக் கழற்றிவிடு. மின்சாரம் இல்லாதபோது சில மணி நேரம் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வைத்த சிறு உருளை அது. வயதானதும் ஒழுகி, போர்டின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். என்னுடையதில் அடியில் பிசுபிசுப்பு தொடங்கியிருந்தது, கழற்றி ஆல்கஹாலில் துடைத்துவிட்டேன். அது இல்லாமலும் என் பெட்டி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் தேதி மறந்துபோகும், அவ்வளவுதான்.

டிசம்பர் கடைசியில் மதுரை வருகிறோம். அக்கா மகள் கல்யாணம் தை மாதம், அதுவரை இருப்பேன். செத்துப்போன எக்ஸ்பாக்ஸ் போர்டு ஒன்றையும் இங்கே மலிவாக வாங்கி வைத்திருக்கிறேன். உன் லேபில் மாணவர்கள் அந்தச் செப்புக் கோடுகளைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று கொண்டுவரலாமா? சிப்பின் சூட்டைத் தணிக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்றித்தான் எடுத்துவருவேன், பெட்டியில் எடை இருக்காது. வேண்டுமா என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த கண்ணுக்கு எப்போது நாள் குறித்திருக்கிறார்கள்?

அன்புடன்,
மங்கை