2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

(2026 ஜனவரியில் நடந்த, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மார்கழிப் பனியில் காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி வரும் நேரம் பற்றி நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தைப் போன புத்தாண்டில் நாம் தொடங்கிய வேலைக்கே ஒதுக்க விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு அம்மா எழுந்து, "வீட்டு வரிக்கும் தண்ணிக்கும் சங்கம் இருக்கு, சரி. ராத்திரி எனக்கு நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டார். திருச்சி உறையூரில் நம் தெருக்களில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் இருவரோ ஒருவரோதான் வீட்டில். அன்றைக்கே செயற்குழு கூடி முடிவெடுத்தது: புத்தாண்டிலிருந்து ஒவ்வொருவரும் தம் உடம்பைக் கவனிக்க வேண்டும், கூடவே பக்கத்தில் ஒருவரையாவது கவனிக்க வேண்டும்.

முதலில் நடைப்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் பார்த்தால் நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். மார்கழி என்பதால் தொடங்குவது சுலபமாக இருந்தது. கோலம் போட எப்படியும் விடியுமுன் எழுந்துவிடும் பெண்கள் கோலப்பொடி டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் நடந்தார்கள். தை பிறந்த பிறகுதான் சோதனை. தனியாக நடந்தவர்களில் பலர் மாசிக்குள் நின்றுவிட்டார்கள். "வாங்க அக்கா, கிளம்பலாம்" என்று வாசலில் நின்று கூப்பிட ஆள் இருந்தவர்கள் இன்றும் நடக்கிறார்கள். இதனால்தான், நடக்க விரும்புகிறவர்களைக் குறைந்தது இருவராகச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பக மேசையில் இரத்த அழுத்தம் பார்க்கிறோம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இதைப் பொறுப்பேற்று நடத்துகிறார். மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் கையை நீட்டினால் பார்க்க மாட்டார். ஐந்து நிமிடம் உட்கார வைப்பார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பேசக் கூடாது. காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் எடுப்பார். திரும்பத் திரும்ப அப்படியே வந்தால், சீட்டில் எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்புவார். தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாமல் இருந்த சிலர் இந்த மேசையில்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதும் அவர்களில் சிலருக்குப் புதுச் செய்தி. இப்போது அவர்கள் பெயர் பதிந்து வாங்குகிறார்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு பற்றியும் அந்த மேசையில் பேச்சு உண்டு. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டுப் பலரும் திகைத்துப் போனார்கள்.

அடுத்து, காலை அழைப்பு. தனியாக இருப்பவருக்குத் தினமும் எட்டு மணிக்குள் ஒரு போன். எடுக்காவிட்டால் கால் மணியில் இன்னொரு முறை, அப்புறம் நேரே வீட்டுக்கு. மாற்றுச் சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் அது பெரிதும் கைகொடுத்தது. போன் எடுக்காத ஒரு ஐயாவின் வீட்டைப் பக்கத்து வீட்டுத் தம்பி திறந்து பார்த்தபோது, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். 108-ஐ வரவழைத்தோம். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நடை வண்டி பிடித்து நடக்கிறார், இன்று இங்கே வந்தும் இருக்கிறார். அதன் பிறகு பல வீடுகளில் குளியலறைச் சுவரில் கைப்பிடியும் தரையில் வழுக்காத மிதியடியும் வந்துவிட்டன.

இனி நான் சொல்லப்போவது, ஆண்டு முழுவதும் செய்ததிலேயே என் மனசுக்கு மிக நெருக்கமானது. நம் உறுப்பினர் ஒருவர் மறதி நோய் வந்த மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பெரியம்மா நடுராத்திரியில் எழுந்து, பிறந்த ஊருக்குப் போகணும் என்று கதவைத் தட்டுவார். மருமகளுக்குத் தூக்கம் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, தன் பல்வலிக்குக்கூட டாக்டரிடம் போக நேரமில்லை. "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அவரிடம் சொல்லாதவர்கள் தெருவில் இல்லை. ஆனால் அவரை விடுவிக்க ஆள் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு என்ன பயன்? ஆகவே முறை வைத்துக்கொண்டோம். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், இரண்டிரண்டு பேராகப் போய்ப் பெரியம்மாவுடன் உட்காருகிறோம். பூத்தொடுக்க உதிரிப்பூவும் நாரும் கொடுத்தால் அவர் விரல்கள் தானாக ஓடும். நம் பெயர் தெரியாது, கண்ணி தப்பாது. அந்த நேரத்தில் மருமகள் டாக்டரிடம் பல்லைக் காட்டிவிட்டு வந்தார், கோயிலுக்குப் போனார். ஒரு நாள் எங்கும் போகாமல் மாடியறையில் தூங்கினார். தூங்கி எழுந்து வந்த அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்த முறையை நிறுத்தச் சம்மதிக்க மாட்டார்கள்.

தனிமையைப் பெரிய விஷயமாகப் பேசுவதைச் சிலர் மிகை என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் அவதிப்படுவதாகவும், அதனோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000-க்கு மேல் என்றும் கணக்கிட்டிருக்கிறது. முதியவர்கள் மட்டும் அல்ல, இளையவர்களும் அதில் அடக்கம். வேலை தேடிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்த நம் தெருப் பையன்கள் இருவரை ஞாயிற்றுக்கிழமை மேசையில் பதிவேடு எழுத உட்கார வைத்ததும் இதை நினைத்துத்தான். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் உதவிக்கு 14567. இரண்டு எண்களையும் படிப்பக வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

பொங்கல் விழாவும் சுதந்திர தின விழாவும் வழக்கம்போல் நன்றாக நடந்தன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. பராமரிப்பவர்களுக்கு ஓய்வு தரும் முறையை, படுக்கையில் நோயாளி இருக்கும் மற்ற வீடுகளுக்கும் விரிவுபடுத்துவது. கையில் கட்டும் பட்டையுடன் இன்னொரு இரத்த அழுத்தக் கருவி வாங்குவது. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு அதை எடுத்துப் போகலாம். இவை வாக்கெடுப்புக்கு வரும்போது கேள்விகளைத் தாராளமாகக் கேளுங்கள். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் நம்மிடையே உண்டு.

காலை அழைப்புக்கும் பிற்பகல் முறைக்கும் புதிய பெயர்கள் தேவைப்படுகின்றன. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் முடியும் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, பொங்கலும் சட்னியும் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்