பிரமிடு படத்தை எடுத்துவிடுங்கள்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆசிரியர்களுக்கும் பாடம் எழுதித் தருபவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

யாத்திராகமம் பாடம் வந்தாலே இஸ்ரவேலர் பிரமிடுக்குக் கல் இழுக்கும் படத்தைக் காட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் எகிப்திலேயே ஆதாரம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டையும் நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கீசாவின் பெரிய பிரமிடுகள் கி.மு. 2500 வாக்கிலேயே கட்டி முடிந்தவை. மோசேயின் காலம் என்று சொல்லப்படுவதெல்லாம் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகுதான். வேதத்திலும் பிரமிடு இல்லை. அங்கே இருப்பது செங்கல், பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டசாலைப் பட்டணங்கள்.

அந்தச் செங்கலுக்கு எகிப்தில் அருமையான சாட்சி உண்டு. லக்சோருக்கு எதிர்க்கரையில், பார்வோன் மூன்றாம் துத்மோசின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், போரில் பிடித்துவந்த நூபியரும் சிரியா பக்கத்தவரும் செங்கல் அறுக்கிறார்கள். ஒருவர் தண்ணீர் மொள்கிறார், ஒருவர் சேற்றைக் குழைக்கிறார், ஒருவர் அச்சில் அடைக்கிறார். பக்கத்தில் கோலோடு மேற்பார்வையாளர். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இரண்டாம் ராமசேஸ் காலத்துத் தோல் சுருள் ஒன்று இருக்கிறது. 40 பேருக்கு ஆளுக்கு 2000 செங்கல் என்று கணக்கு. பலர் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. செங்கல் கணக்குக் குறையக்கூடாது என்று பார்வோன் கட்டளையிடும் யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்!

அமெரிக்காவின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் (எகிப்தியரின் நாணல் தாள்) ஒன்றில் ஒரு வீட்டு வேலையாட்களின் பட்டியல் உள்ளது. அதில் 40க்கும் மேற்பட்டவர்கள் ஆசியர்கள், அதாவது கானான், சிரியா பக்கத்தவர்கள். பலருக்குச் செமித்தியப் பெயர்கள், அதாவது எபிரெய மொழிக் குடும்பத்துப் பெயர்கள். சிப்பிராள் போன்ற பெயர்கூட வருகிறது. ஆனால் அது மோசேக்கு மிக முந்தைய காலம். யாத்திராகமத்தில் வரும் மருத்துவச்சி சிப்பிராள் இவள்தான் என்று சொல்ல வழியில்லை.

ஆக, செமித்தியர்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தது உறுதி. ஆனால் மோசேயின் பெயரோ வாதைகளோ ஒரு பெரும் ஜனம் வெளியேறியதோ எந்த எகிப்தியப் பதிவிலும் இதுவரை கிடைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயர் முதலில் தெளிவாக வருவது கி.மு. 1208 வாக்கில் எழுந்த பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டில். அதுவும் கானானில் வாழும் ஒரு ஜனமாக, அடிமைகளாக அல்ல. நைல் நதி டெல்டாவின் ஈர மண்ணில் பாப்பிரஸ் மட்கிவிடும், பார்வோன்கள் தோல்வியைக் கல்லில் வெட்டமாட்டார்கள் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனால் அது பதிவு இல்லாததற்கு விளக்கம்தானே தவிர, ஆதாரம் ஆகாது. சீனாய் பாலைவனத்திலும் ஆறு லட்சம் ஆண்கள் குடும்பத்தோடு தங்கிய தடயம் கிடைக்கவில்லை.

அப்புறம், செங்கடலின் அடியில் பார்வோன் படையின் ரதச் சக்கரம் கிடைத்தது என்னும் வாட்சப் செய்தியைத் தயவுசெய்து வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். தொல்லியலாளர்கள் அதை உறுதிசெய்யவே இல்லை. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் ஒரு நிமிடம் தேடினால் போதும், தெரிந்துவிடும். அன்றைக்கு அவர்கள் சந்தேகப்படப்போவது சக்கரத்தை மட்டுமல்ல, நம்மையும் நாம் கற்றுத்தந்த எல்லாவற்றையும்தான்.

அடுத்த ஆண்டுப் பாடப் புத்தகத்தில் பிரமிடு படத்துக்குப் பதிலாக ரெக்மிரேயின் செங்கல் ஓவியத்தைப் போடுங்கள். அதன் கீழே, "இவர்கள் இஸ்ரவேலர் என்று சொல்ல முடியாது, ஆனால் எகிப்தில் அடிமைகள் இப்படித்தான் செங்கல் அறுத்தார்கள்" என்று எழுதுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை