கூடைப்பந்து வீரர் கூப்பர் ஃபிளாகின் முதல் ஆட்டத்தைக் காட்டாத உங்கள் செட்-டாப் பெட்டி பற்றி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: கூடைப்பந்து சீசன் தொகுப்புக்குப் பணம் கட்டியும் ஆட்டங்கள் வராதது, உங்கள் ஊழியர் மரியாதையில்லாமல் பேசியது, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆறு வருடமாக உங்கள் இணைய இணைப்பும் டிவி இணைப்பும்தான் என் வீட்டில் இருக்கின்றன. இந்தப் பிரச்சினைக்காக இதுவரை பதினொரு முறை போன் செய்தேன், ஒரு முறை கடைக்கு வந்தேன், ஒரு சனிக்கிழமை முழுவதும் டெக்னீஷியனுக்காகக் காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

இந்த 2025–26 சீசனிலிருந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்கள் 11 வருடப் புது ஒப்பந்தத்தில் ஏபிசி–இஎஸ்பிஎன், என்பிசி, அமேசான் என்று மூன்று பக்கமாகப் பிரிந்து போய்விட்டன. இத்தனை வருடம் பழகிய டிஎன்டி சேனலில் ஆட்டம் கிடையாது. எந்த நாள் எதில் வரும் என்று தெரியாமல் ரசிகர்கள் குழம்பிய நேரத்தில் உங்கள் விற்பனையாளர் வீட்டு வாசலுக்கு வந்து, "எல்லாம் எங்கள் ஒரே பெட்டியில் வரும்" என்று உறுதி சொன்னார். அதை நம்பித்தான் மாதம் 94 டாலர் தொகுப்புக்கு மாறினேன்.

அக்டோபர் 21, சீசனின் முதல் நாள். 2002க்குப் பிறகு என்பிசியில் மறுபடி என்பிஏ. சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டரும், கெவின் டுராண்ட் புதிதாகச் சேர்ந்த ஹூஸ்டன் ராக்கெட்ஸும் மோதின. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, உங்கள் படம் நின்றது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். படம் திரும்பி வந்தபோது இரண்டாவது ஓவர்டைமும் முடிந்து தண்டர் 125–124 என்று ஜெயித்திருந்தது. சரி, முதல் நாள், கூட்டம் அதிகமாக இருக்கும் என்று அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம், பிளேனோவில். எங்கள் ஊர் அணியான மேவரிக்ஸின் ரசிகர்கள். பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் எங்கள் நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் லூகா எங்களை இறுதிச் சுற்று வரை கொண்டுபோயிருந்தார். அப்போது 25 வயது அவருக்கு. டிஃபென்ஸ் முக்கியம் என்று அப்போதைய அணி மேலாளர் நிகோ ஹாரிசன் சொன்ன காரணத்தை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஏப்ரலில் லூகா லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்கு வந்து, அவருக்காக அரங்கத்தில் போட்டுக் காட்டிய பாராட்டு வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டு 45 புள்ளி அடித்தார். என் மகள் தன்னிடம் இருந்த லூகாவின் 77ஆம் எண் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தது அன்று இரவுதான். அப்புறம் மே மாதம், 1.8 சதவீத வாய்ப்பே இருந்த எங்களுக்கு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான லாட்டரியில் முதல் இடம் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் வந்தார். பிறந்த நாளுக்கு மகளே கேட்டு அவருடைய 32ஆம் எண் சட்டை வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 22, சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு எதிராக, எங்கள் ஊரிலேயே, ஃபிளாகின் முதல் ஆட்டம். மகள் அந்தச் சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் வந்தது ஒரே வரி: "இந்த நிகழ்ச்சி உங்கள் தொகுப்பில் இல்லை." அந்த வரி ஏன் வருகிறது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெட்டி உங்களுடையது, தொகுப்பு உங்களுடையது.

போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு ஓடியது. கடைசியில் எடுத்தவர் கணக்கு எண்ணை மூன்று முறை கேட்டார். நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே குறுக்கிட்டு, "அந்த ஆட்டத்தில் உங்கள் அணி மோசமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது சார், இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்? நாளைக்கு ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் ஸ்கோர் கேட்டேனா? என் வீட்டில் ஓடாத ஆட்டத்தை அவர் பார்த்துக்கொண்டு எனக்கே முடிவைச் சொல்கிறார்! ஆமாம், 125–92 என்று தோற்றோம், ஸ்பர்ஸின் வெம்பன்யாமா 40 புள்ளி அடித்தார். தோற்றால் என்ன? ஒரு பிள்ளை முதன்முதலாகக் களத்தில் இறங்குவது ஒரே ஒரு முறைதான். அதை ஹைலைட்ஸில் எப்படிப் பார்ப்பது? பதினொரு போனில் பேசிய மற்ற எல்லோரையும் மறந்துவிட்டேன், இவர் குரல் மட்டும் காதிலேயே நிற்கிறது. அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

பெட்டியை மாற்றினால் சரியாகும் என்றார்கள். நவம்பர் 11 விடுமுறை நாள், முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டிக் கடைக்கு வந்தேன். வரிசையில் நின்றபோதுதான் ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கிய செய்தி போனில் வந்தது. பக்கத்தில் நின்றவர் முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்பது மாதமாக அரங்கத்தில் கத்திக் கேட்டது நடந்துவிட்டது. மறுநாள் இரவு ஃபீனிக்ஸோடு ஆட்டம், பார்த்தே ஆக வேண்டும் என்று புதுப் பெட்டியோடு ஓடி வந்தேன். செருகினால் மறுபடி அதே வரி! இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய பெட்டி. அதற்கு 60 டாலர் வேறு வாங்கினீர்கள். மறுநாள் தோற்ற ஆட்டத்தை நான் போனில் எண்களாகப் பார்த்தேன்.

கைரி இர்விங் காயத்தில் இருக்கிறார் என்பதால் 18 வயது ஃபிளாகை, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக எங்கள் பயிற்சியாளர் ஜேசன் கிட் இறக்கினார். அது தவறு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அவன் கையில் பந்து இருந்தால்தான் கற்றுக்கொள்வான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஆட்டத்தையே பார்க்காதவன் என்ன வாதம் செய்ய முடியும்? இந்த சீசனையே எங்கள் வீட்டிலிருந்து பறித்துவிட்டீர்கள்.

நவம்பர் 29 சனிக்கிழமை, காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் டெக்னீஷியன் வருவார் என்றீர்கள். யாரும் வரவில்லை. "வந்தோம், வீட்டில் ஆள் இல்லை" என்று குறுஞ்செய்தி வந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு கிளிப்பர்ஸுக்கு எதிராக ஃபிளாக் 35 புள்ளி அடித்தார். 18 வயதில் ஒரே ஆட்டத்தில் 35 அடித்தவர் அதற்கு முன் என்பிஏவில் கிடையாது. அதுவும் போய்விட்டது.

உங்கள் ஊழியர்களில் நல்லவர்களும் இருப்பார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கேட்பது இவைதான். அக்டோபர், நவம்பர் கட்டணத்தையும் பெட்டிக்கான 60 டாலரையும் திருப்பித் தாருங்கள். அன்று பேசியவர் சார்பில் எழுத்தில் மன்னிப்பு வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று மேவரிக்ஸ் கோல்டன் ஸ்டேட்டோடு ஆடுகிறது, அதற்கு முன்னால் பெட்டி ஓட வேண்டும்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் மத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் புகார் பதிவு செய்வேன். அதற்கு நீங்கள் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் நகல் போகும். அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகவும் தயார். அதுவரை போக வைக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கட்டண ரசீதுகள், கடை ரசீது, அந்தக் குறுஞ்செய்தியின் படம் மூன்றும் இணைத்திருக்கிறேன்.

டெக்னீஷியனை அனுப்புவதானால் கிளம்பும் முன் எனக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிளேனோவிலிருந்து உங்கள் ஆறு வருட வாடிக்கையாளர்