சன்ரூஃப் வழியாகக் காருக்குள் மழைநீர் இறங்குவதும், அதைச் சரிசெய்யாமல் அலைக்கழிப்பதும் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஏழு பேர் உட்காரும் காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் கூரையில் உள்ள திறக்கும் கண்ணாடி (சன்ரூஃப்) வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. இந்த ஒரு வரியை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "கம்பெனி அப்ரூவல் வரணும் சார்" என்கிறார்கள். உங்கள் இலவச எண்ணுக்குப் போன் செய்தால் "டீலரிடம் பேசுங்கள்" என்கிறார்கள். ஓய்ந்துபோய்த்தான் தலைமை அலுவலகத்துக்கே எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

போன ஐப்பசி மழையில்தான் இது ஆரம்பித்தது. முன்பக்க இடது கதவை ஒட்டிய தூணில் ஈரம் தெரிந்தது. அப்புறம் கார்ப்பெட் நனைந்தது. பிரேக் போட்டால் மேலே தேங்கியிருந்த தண்ணீர் முன்னால் பாய்ந்து, மேல் விளக்கு வழியாக என் மனைவியின் மடியில் கொட்டியது.

சன்ரூஃப் எப்படி வேலை செய்கிறது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுப்பதற்கானது அல்ல. தாண்டி வரும் தண்ணீர் கீழே உள்ள தட்டில் விழுந்து, நான்கு மூலைகளிலும் உள்ள சிறு குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வெளியே போய்விட வேண்டும். குழாய் அடைத்தாலோ இணைப்பில் கழன்றாலோ அத்தனையும் காருக்குள் வரும். எங்கள் தெரு மெக்கானிக் ஒரு டம்ளர் தண்ணீரை வலது முன் மூலையில் ஊற்றினார், கீழே சக்கரத்துப் பக்கம் வந்தது. இடது மூலையில் ஊற்றினார், வெளியே ஒரு சொட்டும் வரவில்லை, உள்ளே கார்ப்பெட் நனைந்தது. ஐந்து நிமிட வேலை. இதை உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒருவரும் செய்து பார்க்கவில்லை.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? முதலில் கண்ணாடி ஓரத்தில் சிலிக்கோன் பசை தடவினார்கள். அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகியது. பிறகு "டிரெயின் (வடிகுழாய்) கிளீன் செய்கிறோம்" என்று நான்கு குழாய்களிலும் கம்பிரசர் வைத்து ஏர் அடித்தார்கள். அந்த அழுத்தத்தில் குழாய் உள்ளுக்குள் கழன்றுவிடக்கூடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? அதற்கு முன்பு பின்சீட்டில் ஒரு துளி ஈரம் கிடையாது. அன்றிலிருந்து குழந்தைகள் உட்காரும் மூன்றாவது வரிசையிலும் ஒழுகுகிறது. முன்னால் ஒழுகியதும் நிற்கவில்லை.

அந்த சர்வீஸ் அட்வைசரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர் ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலை விவரம் எழுதும் சீட்டில்) இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டு, "சன்ரூஃப் வேணும்னு கேட்டு வாங்குனது நீங்கதானே சார், வேப்பமரத்தடியில நிறுத்துனா இப்படித்தான் ஆகும்" என்றார். பக்கத்தில் என் அம்மா நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர் முன்னால் பேசும் பேச்சா இது? பட்டுக்கோட்டை வெயிலில் காரை மரத்தடியில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது? இலை விழும், தூசி படியும் என்று தெரிந்துதானே இந்த ஊரில் விற்கிறீர்கள்? அப்படியானால் ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். சொன்ன கிலோமீட்டருக்குச் சொன்னபடி சர்வீஸ் விட்டிருக்கிறேன். ஒரு ஜாப் கார்டிலாவது அந்த வேலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை.

அன்று நாங்கள் போனதே வீண். முந்தைய நாள் மாலை அவர்களே போன் செய்து வரச் சொன்னார்கள். கொட்டும் மழையில் ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால், ரூஃப் வேலை தெரிந்த டெக்னீஷியன் டிரெயினிங்குக்குத் திருச்சி போயிருக்கிறாராம். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, எதுவும் சரிசெய்யாமல், காரை வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று வந்த காருக்கு வாட்டர் வாஷ்! அதற்குப் பில்லும் போட்டார்கள். திரும்பி வரும்போது உள்ளே முன்பைவிட அதிகத் தண்ணீர். அம்மா வீடு வரும்வரை காலைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் இறங்கும் அதே தூண், அதே கூரை ஓரம் வழியாகத்தான் பக்கவாட்டு ஏர்பேக்கும் அதன் வயர்களும் போகின்றன. நாளைக்கு ஒரு விபத்தில் அது விரியாமல் போனால் யார் பொறுப்பு? உள்ளே பூஞ்சை நாற்றம். சின்னவனுக்கு ஏறி உட்கார்ந்ததும் தும்மல். இந்தக் கார் இனி எதற்கும் உதவாது, பழைய இரும்பு விலைக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். என் வாழ்நாள் சேமிப்பு முழுக்கத் தண்ணீரில் போய்விட்டது.

நீட்டித்த வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறேன். ரப்பர் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்கிறார்கள். நான் ரப்பரைப் பற்றிப் பேசவே இல்லை. குழாயைப் பற்றி, அதை ஏர் அடித்துக் கெடுத்த உங்கள் ஆட்களைப் பற்றிப் பேசுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் மரியாதை இருக்கிறது. அதனால் பணிவாகவே கேட்கிறேன். கூரை லைனிங்கைக் கழற்றி நான்கு குழாய்களையும் மாற்றுங்கள். சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டையும் அடியில் ஊறிக்கிடக்கும் ஃபோமையும் மாற்றுங்கள், மேலோட்டமாக வெயிலில் காயவைத்துத் தருவது வேண்டாம். நனைந்த வயர்களையும் ஏர்பேக்கையும் சோதித்து எழுத்தில் கொடுங்கள். ஏர் அடித்தது, வாட்டர் வாஷ் என்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். வேலை முடியும்வரை மாற்று வண்டி வேண்டும். அந்த அட்வைசர் என் அம்மாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத்தான். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள்தான் இங்கே வர வேண்டும். காரை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டு கெடுவும் எனக்கு இன்னும் முடியவில்லை.

அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. வேலை தெரிந்த ஒரு டெக்னீஷியனை அனுப்புங்கள், டம்ளர் தண்ணீர் நான் எடுத்து வைக்கிறேன். ஜாப் கார்டு நகல்களும், தண்ணீர் கொட்டும் வீடியோவும், வாட்டர் வாஷ் பில்லும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பட்டுக்கோட்டை