ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கும் எங்க வயல்ல நின்ன எல்லாருக்கும்

நேத்துத்தான் உளுந்து அடிச்சு முடிச்சோம், மூட்டைய திண்ணையில ஏத்திட்டு கையக் கழுவுன கையோட இதை எழுத உக்காந்துட்டேன். மாசி மாசம் எங்க வீட்ல நடந்தது காரைக்குடி கல்லல் பக்கம் எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. ஆஸ்பத்திரியில கெடந்த எங்க வீட்டுக்காரவுக வீட்டுக்கு வந்துட்டாக, வாசல் வரைக்கும் தானா நடக்குறாக. அது போதும்.

அவுக வார்டுல படுத்திருந்த அதே வாரந்தான் ஒன்றரை ஏக்கர் வம்பன் 8 ரக உளுந்தும் பூவெடுத்துச்சு. நெல்லு அறுத்த வயல்ல தையில வெதச்சது. வெதச்சதுலேருந்து எல்லாம் அவுக கைதான், எனக்கு களை எடுக்க மட்டுந்தான் தெரியும். மாமா போன் பண்ணி பூ கொட்டுதுத்தா, செடிக்கடியில மஞ்சளாக் கெடக்குன்னாரு. உளுந்துல பாதிக்கு மேல பூ எப்பவுமே காயாகாம உதிரும், ஆனா வெயில் ஏறி தண்ணியும் குறைஞ்சா இன்னும் மோசம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு போன் போட்டேன், அங்க பேசுன சார் பொறுமையா சொன்னாரு: 2 சதவீத டிஏபி உரத் தெளிவோட, பூ உதிராமப் பிடிக்கிற என்ஏஏ ஊக்கியையும் சேத்து பூவெடுக்கிறப்ப ஒருக்கா, 15 நாள் கழிச்சு ஒருக்கா அடிங்கம்மா, 10 லிட்டர் டேங்குக்கு ஊக்கி 9 எம்எல், அதுக்கு மேல போயிராதீங்கன்னு. மருந்து வாங்குன கடையில என்னடான்னா மூடியில ரெண்டு மூடி ஊத்துங்க போதும்னுட்டாங்க.

அந்த பாட்டில மடியில வச்சுக்கிட்டு ராத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க சிஸ்டர். அவுகளுக்காக அழுகுறேன்னு நெனச்சுத்தான் வந்தீங்க, அதுவும் உண்மைதான். நான் என்னமோ அந்த 9 எம்எல்ல எப்படி அளக்குறதுன்னே தெரியலன்னு சொன்னேன், நீங்க சிரிக்கல. பாட்டில வாங்கி லேபிளப் படிச்சீங்க. 4.5 சதவீதம்னா 1 எம்எல்ல 45 மில்லிகிராம் இருக்குக்கா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 40 மில்லிகிராம் வேணும்னா 10 லிட்டருக்கு 400, 45ஆல வகுத்தா 9 எம்எல்லுக்குக் கொஞ்சம் கம்மி, சார் சொன்னது சரிதான்னு கைல எழுதியே காட்டுனீங்க. எங்களுக்கு இது டெய்லி வேலைதான்க்கான்னீங்க. ஆஸ்பத்திரி சாமானத் தரக்கூடாதுன்னு, டியூட்டி முடிஞ்சு காலையில வெளிய மெடிக்கல்ல உங்க காசுல 10 எம்எல் சிரிஞ்சு ஒண்ணு வாங்கிட்டு வந்து, ஊசியக் கழட்டிட்டு, 9ல கருப்பு மார்க்கர்ல கோடு போட்டு, டம்ளர் தண்ணிய எடுக்கச்சொல்லி மூணு தடவ பழக்கி விட்டீங்க. மருந்து பட்டப்புறம் இதை வீட்ல வேற எதுக்கும் எடுத்துராதீங்க, புள்ளைக கைக்கு எட்டாம வைங்கன்னு பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியில திரும்பி வந்து சொன்னீங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்த ஆளு.

அந்த ஒரு கோடு இல்லன்னா நான் மூடியிலதான் ஊத்தியிருப்பேன். இந்த மருந்து ஒரு ஆக்சின், செடியே தனக்குள்ள உண்டாக்குற ஹார்மோன் மாதிரி. பூக்காம்பு அடியில அந்து விழுற எடத்தக் கெட்டியாப் பிடிச்சு வைக்கும். ஆனா அளவு கூடுனா அதே மருந்தே பூவக் கொட்ட வச்சிரும், ஆப்பிள் தோட்டத்துல பிஞ்சக் குறைக்கிறதுக்குன்னே இதைத்தான் அடிப்பாங்களாம். இருக்குற பூவையும் என் கையாலயே கொட்டியிருப்பேன்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

மத்தவுகளையும் சொல்லணும். 6 கிலோ டிஏபிய முதநாள் ராத்திரியே 30 லிட்டர் தண்ணில ஊறப்போட்டு, காலையில தன் வேட்டிய ரெண்டா மடிச்சு வடிகட்டித் தந்த மாமா, வெயில் தாழ ரெண்டு தடவையும் 30 டேங்கு முதுகுல சொமந்து அடிச்ச எதுத்த வீட்டு அண்ணன், கண்மாய்த் தண்ணி எட்டாதப்ப காசு வாங்காம மோட்டார் போட்டுவிட்டவுக, புள்ளைகளுக்கு மூணு வேளையும் சோறு போட்ட பெரிய வீட்டு ஆச்சி, கூலி பேசாம வந்து செடி புடுங்குன அக்காமாரு, எல்லாருக்கும் கும்புடுறேன். டேங்குக்கு டேங்கு சிரிஞ்சுல அளந்து ஊத்துனது மட்டுந்தான் என் வேலை.

5 மூட்டை வந்திருக்கு. மருந்தால எவ்வளவு, நடுவுல பேஞ்ச அந்த ஒரு மழையால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டாந்தடவ அடிச்சு ஒரு வாரத்துல கொத்துக்கொத்தா காய் நின்னத கண்ணால பாத்தேன், போட்டோ எடுத்துட்டுப் போயி அவுககிட்ட காட்டுனேன், அன்னைக்குத்தான் அவுக சிரிச்சாக.

இனிமே எங்க ஊர்ல யாரு பயறுக்கு இந்த மருந்து அடிச்சாலும் அந்த சிரிஞ்ச எடுத்துக்கிட்டு நானே போய் நிப்பேன், மூடியில ஊத்த விடமாட்டேன்.

சிஸ்டர், உங்க பேரக்கூட கேக்காம வந்துட்டேன். போன வாரம் வந்தப்ப வேற வார்டுக்கு மாத்திட்டாங்கன்னாங்க. உங்களுக்குன்னு ரெண்டு படி உளுந்து காயவச்சுப் பொடச்சு டப்பால எடுத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை அவுகளுக்கு செக்கப், ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கத்துல அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன், ஒருக்கா வந்துட்டுப் போங்க.