வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளை வீட்டில் பேணுவது குறித்து

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு என விடுப்பெடுக்கும் பிள்ளைகள் நம் பள்ளியில் கூடிவருகிறார்கள். பல்லடம் வட்டாரத்தில் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் இரவு ஷிப்டு செல்வோர் வீடுகளில் பிள்ளைக்குத் துணையாக இருப்பது பெரும்பாலும் அம்மிச்சியோ அப்பத்தாவோதான் என்பதால், இக்கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

“எது கொடுத்தாலும் வெளியே போகுது, வயிறு காயட்டும்” என்று தண்ணீரையே நிறுத்திவிடும் வழக்கம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, உடலை விட்டுப் போகும் நீராலும் உப்பாலும் வருகிறது. போக்கு நிற்காத நேரத்திலும் குடல் குளுக்கோஸையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும். அவற்றோடு தண்ணீரும் உடலுக்குள் சேரும். குளுக்கோஸும் உப்பும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேலை செய்வது இப்படித்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துவந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

ஓ.ஆர்.எஸ். தூள் ஒரு லிட்டர் பொட்டலம் என்றால், முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரே தடவையில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் தட்டிப் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு மாறிவிடும். கூடினால் கெடுதல், குறைந்தால் பயனில்லை. 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போனதும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அதுவே மருந்து. பாட்டில் குளிர்பானமோ அட்டைப்பெட்டிப் பழச்சாறோ இதற்கு ஈடாகாது. அவற்றிலுள்ள அளவுக்கு மீறிய சர்க்கரை போக்கைக் கூட்டும். கஞ்சி, இட்லி, மோர் சாதம் தொடரலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். பொட்டலமும் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கண் குழிந்து, அழுதும் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே மறைந்தால், சிறுநீர் வெகுநேரம் பிரியாமல், குடிக்கவும் முடியாமல் பிள்ளை துவண்டால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

போக்கு முழுதாக நின்று 2 நாள் கழிந்த பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள். வருகைப்பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விடுபட்ட பாடங்களை ஆசிரியர்கள் மாலையில் சொல்லித் தருவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்