அந்தப் பத்துப் பேரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 27, புதன்கிழமை நம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் லிவர்பூல் 3-2 என்று வென்ற நியூகாஸல் – லிவர்பூல் ஆட்டத்துக்கு 'அபார வெற்றி' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். 1987-இல் ஜான் பார்ன்ஸ் வாட்ஃபோர்டிலிருந்து லிவர்பூலுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு வாசலில் நின்று, நம்மைப் போலக் கறுத்த ஒருவர் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடியதை டிவியில் பார்த்தேன். அன்றிலிருந்து நான் லிவர்பூல்காரன். அந்த உரிமையில் சொல்கிறேன், அது அபார வெற்றி இல்லை ஐயா.

மலேசிய நேரப்படி செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணி ஆட்டம். பாகான் டாலாமில் நாங்கள் வழக்கமாகக் கூடும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) நான், என் மகன், துறைமுகத்து நண்பர்கள் நால்வர். எல்லோரும் சிவப்புச் சட்டை. எதிர் மேசையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சியில் ஒரு தம்பி தனியாக உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ஒரு தே ஓ" என்று பால் இல்லாத தேநீர் கேட்டதோடு சரி, அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவே இல்லை.

35-ஆவது நிமிடத்தில் கிராவன்பெர்க் தூரத்திலிருந்து அடித்து எங்களுக்கு முதல் கோல். இடைவேளைக்குச் சற்று முன் நியூகாஸலின் கோர்டன் பின்னாலிருந்து எங்கள் வான் டைக்கின் காலை வாரிவிட்டு சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இடைவேளை முடிந்து திரும்பிய முதல் நிமிடத்திலேயே எக்கிட்டிகே இரண்டாவதைப் போட்டார். எதிரணியில் பத்துப் பேர், நமக்கு இரண்டு கோல் முன்னிலை. இனி நிம்மதியாக ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்று நண்பர் ஒருவர் ஆர்டர் சொல்லப் போனார்.

அவர் வந்து உட்கார்வதற்குள் நியூகாஸலின் கிமராயஸ் தலையால் முட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு நீளப் பந்துக்கும், ஒவ்வொரு த்ரோவுக்கும் தடுமாறினார்கள். 88-ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஒசுலா 2-2 ஆக்கினார். அந்தத் தம்பி கத்தவில்லை. காலியான தே ஓ கிளாஸை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நான் துறைமுகத்தில் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை செய்கிறவன். எங்கள் கேங்கில் ஓர் ஆள் குறைந்தால் அவர் தூக்க வேண்டிய கம்பியையும் மற்றவர்கள்தான் தூக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தோள் சொல்லும். அந்த நிலையில் நியூகாஸல் பத்துப் பேரோடு பாதி ஆட்டத்துக்கு மேல் ஓடியது. போதாக்குறைக்கு ஷார், டொனாலி, ஜோலிண்டன் மூவரும் அடிபட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய முக்கியமான கோல்காரர் இசாக் அந்த சீசனில் அதுவரை அவர்களுக்காகக் களம் இறங்கவே இல்லை. அவரை வாங்க 110 மில்லியன் பவுண்டுக்கு விலை பேசியது எங்கள் கிளப்தான். ஆக அவர்களுக்குக் குறைந்தது ஓர் ஆள் இல்லை, இரண்டு. அதில் ஒருவருக்கு நாமும் காரணம். இது என் மனதை உறுத்துகிறது.

ஆட்டம் தடைபட்டதற்காக 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் எல்லாம் தலைகீழானது. 100-ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து சாலா உள்ளே தள்ளிய பந்தை சொபோஸ்லாய் தொடாமல் விட, அது ரியோ இங்குமோஹாவின் காலுக்குப் போனது. சில நிமிடங்களுக்கு முன்புதான் இறங்கிய பையன், லீக்கில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். நடுங்காமல் ஓரத்தில் அடித்தான். பதினாறு வயது. லிவர்பூல் சரித்திரத்திலேயே இவ்வளவு சின்ன வயதில் யாரும் கோல் போட்டதில்லை. இந்த வருடம் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதப்போகும் என் மகனும் அவன் பிறந்த அதே 2008-இல்தான் பிறந்தான். "அப்பா, என் வயசுப்பா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. மேசையைத் தட்டிய தட்டில் கறிக் கிண்ணம் கவிழ்ந்தது.

அந்தச் சத்தத்தில்தான் எதிர் மேசைத் தம்பி எழுந்து காசு கொடுத்துவிட்டுப் போனார். போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

உங்கள் செய்தியில் எங்கள் பையன் இருந்தான். இருக்க வேண்டியதுதான், படத்தை வெட்டி மகன் அறையில் ஒட்டியிருக்கிறான். அந்தப் பத்துப் பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு வரி கூட இல்லை. எங்கள் தடுப்பின் லட்சணமும் இல்லை. சீசன் தொடக்கக் கோப்பை ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டில் கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக இரண்டு தடவை முந்தி இரண்டு தடவையும் கோட்டைவிட்டு, கடைசியில் பெனால்டியில் தோற்றோம். போர்ன்மவுத்துக்கு எதிராகவும் 2-0 என்று இருந்தது 2-2 ஆகி, கடைசி நேரத்தில்தான் 4-2 என்று தப்பினோம். இப்போது நியூகாஸல். மூன்று ஆட்டம், மூன்றிலும் கைக்கு வந்த முன்னிலையை நழுவவிட்டிருக்கிறோம். 2024-25 சாம்பியன் இப்படி ஆடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கடையில் தமிழில் பந்து பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். நாங்கள் அங்கே பேசுவதில் பாதியாவது பத்திரிகையில் வரட்டும். இங்கிலாந்துச் செய்தியைச் சுருக்கிப் போடுவதோடு நிறுத்திவிட வேண்டாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு, மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர தினம்) இரவு 11.30-க்கு எங்களோடு ஆட ஆர்சனல் வருகிறது. மறுநாள் விடுமுறை. எங்கள் மேசை அதேதான். அதற்கு முந்தைய நாள் நள்ளிரவில் நியூகாஸலுக்கு லீட்ஸோடு ஆட்டம். அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டைத் தம்பி இதைப் படித்தால், அன்றைக்கும் அங்கே வந்து உட்காருங்கள் தம்பி. நானும் வருகிறேன். தே ஓ என் கணக்கு.

ஒரு வாசகர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்